ஷிகேகோ இரண்டாம் முறை கேட்காத கேள்வி

இருபத்திரண்டு வருடம், வாரத்துக்கு ஐந்து நாள் கத்தினால் யாருக்குத்தான் தொண்டை தேறும்? ஒரிகாசா ஷிகேகோ கத்தினாள். ஜப்பானில், தகாவோகா ஊரில் பதினொரு மழலையர் பள்ளிகளுக்கு மதியச் சாப்பாடு சமைத்து அனுப்பும் கூடம் அவளுடையது. காலை ஒன்பதே முக்காலுக்கு அங்கே எல்லாச் சத்தமும் அடங்கும். உணவு ஒத்துக்கொள்ளாத குழந்தைகளின் மஞ்சள் தட்டுகள், அறுபத்து மூன்று, நீள மேசையில் வரிசையாக இருக்கும். ஷிகேகோ ரப்பர் பூட்ஸும் தலைமுடியை மூடிய வலையுமாக வந்து நின்று, ஒவ்வொரு தட்டையும் ஆள்காட்டி விரலால் சுட்டி அடிவயிற்றிலிருந்து கூப்பிடுவாள்.

“செர்ரி வகுப்பு, மினோவா இரோஹா, பால் கிடையாது, சரி!”

எதிரே நிற்கும் தலைமைச் சமையல்காரி வாஷியோ அதே தட்டைச் சுட்டி அதையே திரும்பக் கூப்பிடுவாள். ரயில் ஓட்டுகிறவர்கள் விளக்கைச் சுட்டிக் கூப்பிடுகிறார்களே, அந்தப் பழக்கம்தான். அறுபத்து மூன்றும் முடிய இருபத்தைந்து நிமிடம் ஆகும்.

“மீன் ஏலம் போடுறவனே உங்ககிட்ட பிச்சை வாங்கணும் முதலாளியம்மா,” என்பாள் வாஷியோ.

“வாய் வலிச்சா போய் உக்காரு. கூப்பிடாம தட்டு போகாது,” என்பாள் ஷிகேகோ.

கூடம் தொடங்கிய இரண்டாம் வருடம், கரண்டியில் ஒட்டியிருந்த முட்டையால் ஒரு பெண் குழந்தைக்கு உதடு வீங்கி மூச்சு முட்டிப்போனது. பிழைத்துக்கொண்டது. ஷிகேகோ அன்று தொடங்கிய கூப்பாடுதான். குழந்தைகளை அவள் நேரில் பார்த்ததில்லை. பெயர்கள் மட்டும் பாடம். இரோஹா என்றால் பால், ஹருமா என்றால் முட்டை, தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள்.

ஏப்ரலிலிருந்து பள்ளிகள் குழந்தைகளின் பட்டியலை ஃபேக்ஸில் அனுப்பக் கூடாது, எல்லாம் செல்போன் வழியாகத்தான் என்று நகராட்சி உத்தரவு போட்டது. கூடத்துக்கு ஒரு மென்பொருள் ஆலோசகர் வேண்டும். ஷிகேகோவுக்குக் கம்ப்யூட்டர் என்றால் ஃபேக்ஸில் காகிதம் தீர்ந்தால் மாற்றத் தெரியும், அவ்வளவுதான். ஆனால் ஆளை எடைபோடுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. சந்தையில் “இன்னைக்குப் பிடிச்ச மீன்தானே?” என்று கேட்பாள். மீன்காரர் பல்லிடுக்கில் ‘ஸ்ஸ்’ என்று மூச்சை இழுத்தால் போதும், கூடையை எடுத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விடுவாள். எங்கள் ஊரில் ‘இல்லை’ என்று யாரும் முகத்துக்கு நேரே சொல்வதில்லை. மூச்சை இழுப்போம். அதன் அர்த்தம் தெரியாதவர் இங்கே கடை திறக்கவே கூடாது.

முதலில் வந்தவள் நிகைதோ மாயுமி. தனியாகத் தொழில் செய்கிறவள், நாற்பது வயது. சாலையில் பனி கரைக்கும் குழாய்களின் துருத்தண்ணீர் தெறித்த பூட்ஸோடு வந்தாள். கையில் ஒரு இனிப்புப் பெட்டிகூட இல்லை. முதல் தடவை ஒரு வீட்டுக்கு வருகிறவள் கையை வீசிக்கொண்டா வருவாள்? வாஷியோவின் முகம் அப்போதே கோணிவிட்டது.

மாயுமி மூன்று நாள் சமையல் கூடத்திலேயே நின்று பார்த்தாள். மூன்றாம் நாள் சொன்னாள்:

“ஏப்ரலுக்குள்ள என்னால முடியாது. அக்டோபர் ஆகும். நகராட்சிகிட்ட தவணை கேளுங்க, நானும் கூட வந்து பேசறேன். இன்னொண்ணு, நீங்க கூப்பிடறீங்களே, அதை நிறுத்தவே நிறுத்தாதீங்க. கம்ப்யூட்டரும் தப்பு பண்ணும்.”

“அப்ப எதுக்கு கம்ப்யூட்டர்?” என்றாள் வாஷியோ.

“ஃபேக்ஸுக்குப் பதிலா. உங்க வாய்க்குப் பதிலா இல்ல.” மாயுமி ஷிகேகோ பக்கம் திரும்பினாள். “வேற யார் வந்தாலும் ரெண்டு கேள்வி கேளுங்க ஒரிகாசா சான். உங்களால முடியாதது எதுன்னு கேளுங்க. இங்க உக்காந்து வேலை பாக்கப் போறவர் யார் வீட்டுச் சம்பளம் வாங்கறார்னு கேளுங்க.”

அவள் போனதும் வாஷியோ பொரிந்து தள்ளினாள். “நல்ல கூத்து! வேலை கேட்டு வந்தவ முடியாதுன்னு சொல்றா. மருந்துக்குக்கூட மரியாதை இல்லை.”

ஷிகேகோவுக்கும் அது உறுத்தத்தான் செய்தது.

இரண்டாமவரை ஊர்க் கடன் சங்க மேலாளர் கூட்டிவந்தார். டோக்கியோவில் தலைமையகம் உள்ள பெரிய நிறுவனம். அதன் விற்பனை அதிகாரி குசாகாபே. முழங்கால் பனி பெய்த நாளில் ஸ்டேஷனிலிருந்து நடந்தே வந்தார். பெட்டி நிறைய பயறு அல்வா. குனிந்த தலை நிமிர நேரமாயிற்று. எதைக் கேட்டாலும் “கட்டாயம் செய்து தருகிறோம்” என்றார். ஷிகேகோ அசரவில்லை. இப்படிக் குனிகிற அரிசிக்காரர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள்.

அவளை அசைத்தவர் குசாகாபேயின் பின்னால் நின்ற பொறியாளர். ஹிராகுரி என்று பெயர், ஐம்பது தாண்டியவர். பெரிய நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட தன் அட்டையை இரண்டு கையாலும் நீட்டினார். உள்ளே வருமுன் பூட்ஸைத் துடைத்தார். மதியம் கொடுத்த சாப்பாட்டை நின்றபடியே சாப்பிட்டுவிட்டுத் தன் தட்டைத் தானே கழுவி வைத்தார். ஒன்பதே முக்கால் கூப்பாட்டை ஓரமாக நின்று கேட்டு, முடிந்ததும் மெதுவாகக் கை தட்டினார்.

“ஆள் இவர்தான்,” என்று அன்றே வாஷியோவிடம் சொல்லிவிட்டாள் ஷிகேகோ.

மாயுமி சொன்ன கேள்விகள் நினைவுக்கு வராமல் இல்லை. வந்தன. ஆனால் இரண்டு கையால் அட்டை நீட்டிய ஒருவரிடம், ‘நீங்கள் நிஜமாகவே இந்த நிறுவனத்து ஆள்தானா’ என்று எந்த வாயால் கேட்பது? அது செருப்பால் அடிப்பதற்குச் சமம். கேட்கவில்லை.

ஆளை அவள் தப்பாக எடைபோடவில்லை. ஹிராகுரி தங்கமான மனிதர். உவோசுவிலிருந்து தினமும் ரயிலில் வந்தார். அங்கே ஸ்டேஷன் பக்கத்தில் மனைவி நடத்தும் முடிதிருத்தும் கடைக்கு மேல்மாடியில் குடியிருப்பதாகச் சொன்னார். இரண்டே வாரத்தில் அறுபத்து மூன்று பெயரும் அவருக்கும் பாடம். ஏப்ரலில் கூடத்துக்குக் கம்ப்யூட்டர் திரை வந்தது. ஒவ்வொரு குழந்தைக்கும் பெயர்ச்சீட்டு அச்சாகி வரும். ஒத்துக்கொள்ளாத உணவு இருந்தால் சீட்டில் சிவப்புப் பட்டை இருக்கும். சிவப்புச் சீட்டு மஞ்சள் தட்டுக்குப் போகும்.

மே மாதம் கூட்டம் போட்டார்கள். பள்ளிகளின் எண்ணிக்கை பதினான்கு ஆகியிருந்தது. ஷிகேகோவின் குரல் கரகரத்து, பாதிப் பெயரில் உடைந்தது. ‘இனிமேல் கத்தினால் குரலே போய்விடும்’ என்று டாக்டர் எச்சரித்திருந்தார். குசாகாபே சிரித்த முகமாகச் சொன்னார்:

“இனிமே எதுக்கு இந்தச் சிரமம் ஒரிகாசா சான்? கூப்பிட்டுப் பாக்கறதை எல்லாம் சீட்டே பாத்துக்கும். நிறுத்திடலாமே.”

ஷிகேகோ ஹிராகுரியைப் பார்த்தாள்.

“ஹிராகுரி சான், நீங்க சொல்லுங்க. நிறுத்தலாமா?”

ஹிராகுரி பல்லிடுக்கில் மூச்சை இழுத்தார். ஸ்ஸ். தலையைச் சற்றே சாய்த்தார். கண் ஒரு நொடி குசாகாபே பக்கம் போய்த் திரும்பியது.

“...பரவாயில்லைன்னுதான் நினைக்கிறேன்.”

ஷிகேகோவின் காதில் விழுந்தது. மீன்காரர் இழுத்திருந்தால் கூடையைத் தூக்கியிருப்பாள். ‘என்ன விஷயம்?’ என்று இன்னொரு முறை கேட்டிருக்கலாம். ஆனால் நாலு பேர் நடுவே, அவருடைய மேலதிகாரி முன்னால் அவரைத் துருவிக் கேட்டால் அவர் முகம் என்னாவது? தொண்டையோ நெருப்பாக எரிந்தது. ‘பரவாயில்லை’ என்ற சொல்லை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள், அவளுக்கு வேண்டியிருந்ததும் அதுதான். குசாகாபே நீட்டிய கூட்டக் குறிப்பில் கையெழுத்துக்குப் பதிலாக வைக்கும் தன் முத்திரையை எடுத்துக் குத்தினாள்.

அடுத்த நாள் ஒன்பதே முக்காலுக்குக் கூடத்தில் கூப்பாடு இல்லை. “காது அடைச்ச மாதிரி இருக்கு,” என்றாள் வாஷியோ. ஒரு வாரத்தில் அதுவும் பழகிவிட்டது.

ஜூன் மாதக் கடைசியில் ஹிராகுரி விடைபெற வந்தார். வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள் என்றார். வாசலில் பூட்ஸ் மாட்டியபின்னும் போகாமல் நின்றார்.

“தொண்டை எப்படி இருக்கு ஒரிகாசா சான்?”

“நீங்க வந்து கெடுத்த கெடுதல்ல நல்லாயிடுச்சு,” என்று சிரித்தாள் அவள்.

“நல்லதா போச்சு.” இன்னும் நின்றார். “நீங்க கூப்பிடறது... எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்தது. முடிஞ்சா திரும்ப ஆரம்பிங்க.”

“ஏன், ரயில் விடப் போறீங்களா?” என்று வாஷியோ உள்ளிருந்து குரல் கொடுத்தாள். மூவரும் சிரித்தார்கள். அந்த மனிதர் குனிந்து வணங்கிவிட்டுப் போனார்.

செப்டம்பரில் மினோவா இரோஹாவின் பெற்றோர் விவாகரத்து செய்துகொண்டார்கள். நான்கு வயதுக் குழந்தை தாயோடு போனது. தாயின் குடும்பப் பெயர் ஹமானோ. பள்ளி அலுவலகம் செல்போன் திரையில் பெயரை மாற்றியது. கணினியோ மினோவா இரோஹாவை மூடிவிட்டு, ஹமானோ இரோஹா என்று புதிதாக ஒரு குழந்தையைப் பதிந்துகொண்டது. சிவப்புப் பட்டை பழைய பெயரோடேயே தங்கிவிட்டது. வியாழக்கிழமை. பாலும் வெண்ணெயும் சேர்த்த வெள்ளைக் குழம்பு. ஹமானோ இரோஹாவின் சீட்டு வெறும் வெள்ளையாக அச்சாகி, எல்லோருக்கும் போகும் கிண்ணத்தில் ஒட்டப்பட்டது. வகுப்பு ஆசிரியைக்கு அது முதல் வாரம். சீட்டைப் பார்த்தாள், கிண்ணத்தைக் கொடுத்தாள்.

ஒரே ஒரு வாய் கூப்பிட்டிருந்தால் போதும், மேசையில் மஞ்சள் தட்டு ஒன்று குறைவது அப்போதே தெரிந்திருக்கும். குடும்பப் பெயர் என்னவாக மாறினாலும், இரோஹா என்ற பெயருக்கு ஷிகேகோவின் நாக்கே ‘பால் கிடையாது’ என்று முடித்திருக்கும்.

குழந்தை மூன்றாம் நாள் இறந்துபோனது.

வாஷியோ குழம்புச் சட்டியின் முன்னால் தரையில் உட்கார்ந்து தலையிலடித்துக்கொண்டு அழுதாள். ஷிகேகோவுக்கு அழுகை வரவில்லை. போலீஸ் வந்து கம்ப்யூட்டரை எடுத்துப்போகும்வரை, காலியான நீள மேசையின் முன்னால் நின்றுகொண்டே இருந்தாள்.

பிறகு அட்டைகள் வைக்கும் புத்தகத்தைத் திறந்து ஹிராகுரியின் அட்டையை எடுத்து, அதிலிருந்த எண்ணுக்குக் கூப்பிட்டாள். இனிமையான குரலில் ஒரு பெண் பேசினாள், காத்திருக்கச் சொன்னாள், திரும்ப வந்தாள்.

“மன்னிக்கணும். அந்தப் பெயர்ல எங்க நிறுவனத்துல யாரும் வேலை செய்யலை. எப்பவும் வேலை செஞ்சதில்லைங்க.”

“அட்டை என் கையில இருக்கும்மா.”

“மிகவும் மன்னிக்கணும்,” என்றது குரல்.

ஷிகேகோ மாயுமிக்குப் போன் செய்தாள். நடந்ததையெல்லாம் மாயுமி கேட்டுக்கொண்டாள். பிறகு சொன்னாள்: “பெரிய கம்பெனி வேலையைப் பிடிக்கும். கீழே ஒரு கம்பெனிக்குத் தள்ளும், அது இன்னொண்ணுக்கு. நாலாவது படியில இருக்கிறவர்தான் உங்க வீட்டுக்கு வருவார். பெரிய கம்பெனி பேர்ல அட்டை அடிச்சு அவர் கையில குடுத்துடுவாங்க. யார் வீட்டுச் சம்பளம்னு கேக்கச் சொன்னது அதுக்குத்தான்.”

“அட்டை நீட்டினவர்கிட்ட அதை எப்படிம்மா கேக்கறது?”

“தெரியும்,” என்றாள் மாயுமி. “யாருமே கேக்கறதில்லை. அதை நம்பித்தான் அட்டையே அடிக்கறாங்க.”

குசாகாபே மூன்று மேலதிகாரிகளோடு வந்தார். நால்வரும் குனிந்தார்கள், நிமிரவே இல்லை. இனிப்புப் பெட்டியும் வந்தது, ஷிகேகோ தொடவில்லை. பிறகு ஒரு காகிதம் வெளியே வந்தது. பள்ளியின் பெற்றோர்கள் முன்னால் விளக்கக் கூட்டம் நடக்கப் போகிறது. அதில் இரு தரப்பும் ஒரே வார்த்தையைச் சொல்வது நல்லது. ‘யாராலும் முன்கூட்டி அறிந்திருக்க முடியாத பிழை.’

“இதைச் சொன்னீங்கன்னா நகராட்சி உங்க உரிமத்தைத் தொடாது ஒரிகாசா சான், நாங்க பேசிட்டோம். இல்லைன்னா...” குசாகாபே குரலைத் தாழ்த்தினார். “கூப்பாட்டை நிறுத்தினது உங்க முடிவுன்னு கூட்டக் குறிப்புல உங்க முத்திரை இருக்கு.”

பனியில் நடந்து வந்த கால்களைப் பார்த்து ஊரே உருகியதே, அந்தக் கால்கள் இவைதான். கை கழுவுவதை இவ்வளவு மரியாதையாகச் செய்ய எங்கே கற்றுக்கொடுக்கிறார்களோ!

அவர்கள் போனதும் வாஷியோ வந்தாள். “சொல்லிடுங்க முதலாளியம்மா. பொய் இல்லையே, நமக்கு நிஜமாவே தெரியாதே. கூடத்துல வேலை பாக்கற முப்பத்தோரு பேர் வீட்டுல உலை கொதிக்கணும். போன உசுரு வரப்போகுதா?”

ஷிகேகோ அடுத்த நாள் காலை ரயிலேறி உவோசுவுக்குப் போனாள்.

ஸ்டேஷன் பக்கத்தில் ஒரே ஒரு முடிதிருத்தும் கடைதான். ஹிராகுரி மேல்மாடியிலிருந்து இறங்கி வந்தார். பலகையும் ஆணியும் விற்கும் கடையொன்றின் ஏப்ரன் போட்டிருந்தார். இப்போது அங்கேதான் வேலை. செய்தியை ஏற்கனவே படித்திருந்தார். அவளைப் பார்த்ததும் தரையில் மண்டியிட்டு நெற்றியை வைத்தார்.

“எழுந்திருங்க. அதுக்காக நான் வரலை,” என்றாள் ஷிகேகோ. “உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?”

அவர் உள்ளே போய் ஒரு உறை எடுத்துவந்தார். வாராந்தர அறிக்கைகளின் நகல். ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஒவ்வொன்றிலும் ஒரே வரி இருந்தது: பெயர் மாறினால் சிவப்புப் பட்டை கூட வருவதில்லை, சரிசெய்ய மூன்று வாரம் தேவை, அதுவரை கூப்பாட்டை நிறுத்தக் கூடாது. பதினோரு தடவை எழுதியிருந்தார். அறிக்கை அவருடைய கம்பெனிக்குப் போய், அங்கிருந்து மேலே இன்னொன்றுக்குப் போய், எங்கேயோ ஒரு மேசையில் நின்றுவிட்டது. அவரைத்தான் வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள்.

“என்கிட்ட ஏன் சொல்லலை? தினமும் என் எதிர்ல தானே சாப்பிட்டீங்க? வாயில கொழுக்கட்டையா இருந்துச்சு?” ஷிகேகோவின் குரல் உடைந்தது. முடி வெட்டிக்கொண்டிருந்தவர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

“வாடிக்கையாளர்கிட்ட நேரா எதுவும் பேசக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கியிருந்தாங்க. பேசியிருக்கணும். கோழை நான். என் வீட்டுச் சோறு போயிடும்னு பயந்தேன்.” ஹிராகுரி நிமிர்ந்து பார்த்தார். “ஆனா நீங்க அன்னைக்குக் கேட்டீங்களே, நிறுத்தலாமான்னு. நான் மூச்சை இழுத்தேன். அந்த இடத்துல என்னால முடிஞ்சது அவ்வளவுதான். இன்னொரு தடவை கேப்பீங்க, கேட்டா சொல்லிடலாம்னு காத்திருந்தேன் ஒரிகாசா சான். உங்களுக்குக் கேக்கலையா?”

கடையில் கத்தரிச் சத்தம் நின்றிருந்தது.

“கேட்டுச்சு,” என்றாள் ஷிகேகோ.

அறிக்கை நகல்களை அவர் அவளிடமே கொடுத்துவிட்டார். ‘போலீஸில் என் பெயரையும் சொல்லுங்கள்’ என்றார்.

விளக்கக் கூட்டம் பள்ளியின் விளையாட்டு அறையில் நடந்தது. குட்டி நாற்காலிகளை ஓரம் தள்ளிப் பெரிய நாற்காலிகள் போட்டிருந்தார்கள். குசாகாபே முதலில் எழுந்து, யாராலும் முன்கூட்டி அறிந்திருக்க முடியாத பிழை என்று வாசித்தார். ஷிகேகோவின் முறை வந்தது. மூன்றாம் வரிசையில் வாஷியோவும் கூடத்துப் பெண்களும் கைகளை மடியில் வைத்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஷிகேகோ உறையை மேசைமேல் வைத்தாள்.

“அறிஞ்சிருந்தாங்க. பதினோரு தடவை எழுதியிருக்கு, இதுல இருக்கு.” குசாகாபே பாதி எழுந்தார். அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. “நானும் அறிஞ்சிருக்கலாம். கூப்பாட்டை நிறுத்தலாமான்னு நான் கேட்டப்ப, வேலை செஞ்சவர் மூச்சை இழுத்தார். அதுக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும், திரும்ப ஒரு தடவை கேக்காம விட்டுட்டேன். என் தொண்டை வலிச்சுது. அவரோட முகம் வாடக் கூடாதுன்னு பாத்தேன்.”

வாஷியோ முகத்தை மூடிக்கொண்டாள். கூடத்தின் கதை அத்தோடு முடிந்தது என்று அந்த முப்பத்தோரு பேருக்கும் அப்போதே தெரிந்துவிட்டது. சிலர் எழுந்து வெளியே போனார்கள். அவர்களில் பாதிப் பேர் இன்றுவரை ஷிகேகோவோடு பேசுவதில்லை.

முன்வரிசையில் இரோஹாவின் தாய் ஹமானோ சத்சுகி உட்கார்ந்திருந்தாள்.

“திரும்ப ஒரு தடவை கேட்டிருந்தா போதுமா?” என்றாள்.

“போதும்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

சத்சுகி பிறகு, “என் பொண்ணை எப்படிக் கூப்பிடுவீங்க? அந்தக் கூப்பாடு. நான் கேட்டதே இல்லை. ஒரு தடவை கூப்பிடுங்க,” என்றாள்.

வேண்டாம் என்பதுபோல் நகராட்சி அதிகாரி கையை உயர்த்தினார். ஷிகேகோ அதற்குள் எழுந்துவிட்டாள். எதிரே தட்டு இல்லை. வெறும் தரையை விரலால் சுட்டினாள். அடிவயிற்றிலிருந்து, பழைய குரலில் கூப்பிட்டாள்.

“செர்ரி வகுப்பு, இரோஹா, பால் கிடையாது...”

‘சரி’ என்ற கடைசிச் சொல் வரவில்லை. விரல் நீட்டியபடியே நின்றாள். எதிர்க் குரல் கொடுக்க வேண்டிய வாஷியோ மூன்றாம் வரிசையில் தலை குனிந்திருந்தாள். சத்சுகி அந்தக் கடைசிச் சொல்லுக்காகக் காத்துக்கொண்டே இருந்தாள்.